ஓஎம்ஜிபாப் ஸ்டுடியோவுக்கு உண்மையில் என்ன ஆனது? எங்களுக்கும் ஒருவர் விலை பேசுகிறார்

தறிச்சத்தம் (கேள்வி)

வணக்கம். ஈரோட்டில் மூன்று பேர் சேர்ந்து மொபைல் கேம் செய்கிறோம். ஸ்டுடியோ என்று சொல்லிக்கொள்வது பெருமைக்குத்தான். நண்பனுடைய மாமா வீட்டு மாடி, கீழே விசைத்தறி ஓடுகிறது, போன் பேச வேண்டுமென்றால் தெருவுக்கு இறங்க வேண்டும்.

போன வருடக் கடைசியில் ஒரு விடுகதை கேம் விட்டோம். நீங்கள் ஒரு விடுகதையைத் தேர்ந்தெடுத்து நண்பருக்கு அனுப்புவீர்கள், அவர் விடை எழுதுவார், அப்புறம் அவர் உங்களுக்கு ஒன்று அனுப்புவார். பொங்கல் லீவில் யாரோ ஒரு குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட, பத்து நாளில் 60,000 பேர் இறக்கிவிட்டார்கள். சர்வர் இரண்டு முறை படுத்தது. நாங்கள் படுக்கவே இல்லை. இப்போது சித்திரை மாதம், தினமும் வருகிறவர்கள் 3,000 பேர் தேறமாட்டார்கள்.

இதற்கு நடுவில் ஒரு கம்பெனி (பெயர் வேண்டாம்) எங்களை மொத்தமாக வாங்கிக்கொள்வதாகச் சொன்னது. தை மாதம் ஒரு விலை சொன்னார்கள், நாங்கள் யோசிக்கிறோம் என்றோம். இப்போது அதில் பாதி சொல்கிறார்கள். என் பார்ட்னர், "விற்றால் ஓஎம்ஜிபாப் கதைதான், வாங்கியவன் ஒரு வருடத்தில் இழுத்து மூடிவிடுவான்" என்கிறான். ஓஎம்ஜிபாப் என்ற அமெரிக்க ஸ்டுடியோவின் ட்ரா சம்திங் கேம் வந்தபோது நான் ஆறாவது படித்துக்கொண்டிருந்தேன். தேடிப் பார்த்தால் எல்லோரும் "பெரிய கம்பெனி கெடுத்தது" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அப்போது ஆடியவர்களோ, இந்தத் தொழிலில் இருப்பவர்களோ விவரமாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.


கோபுரவாசல்

இதில் விவரமாகச் சொல்ல என்ன இருக்கிறது? ஜிங்கா என்ற பெரிய அமெரிக்க கேம் கம்பெனி வாங்கியது, விளம்பரத்தைத் திணித்தது, கேம் செத்தது, ஆபீஸை மூடியது. விற்காதீர்கள். அவ்வளவுதான்.


மாசிவீதி

கோபுரவாசல் சொல்வதில் பாதி சரி. மீதிப் பாதியைச் சொல்லாவிட்டால் இந்தத் தம்பி தவறான முடிவுக்குப் போய்விடுவார். நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2012 தொடக்கத்தில் நாங்கள் நியூஜெர்சியில் இருந்தோம். வீட்டுக்காரருக்கு எச்1பி என்ற வேலை விசா, எனக்கு அவர் மனைவி என்ற முறையில் எச்4. அன்றைக்கு எச்4-இல் இருக்கிறவர்கள் வேலைக்குப் போகக் கூடாது. 2015-இல்தான் அதில் ஒரு பகுதியினருக்கு அனுமதி கிடைத்தது. எம்எஸ்சி படித்துவிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்து ஐபேடைத் தேய்ப்பதுதான் என் வேலை. என் தம்பி மதுரையில், மேலமாசி வீதிக்குப் பின்னால் இருக்கும் எங்கள் பழைய வீட்டில், உள்ளங்கையில் மறைந்துவிடும் ஒரு கேலக்ஸி ஒய் போனோடு இருந்தான். அந்தப் பிப்ரவரியில் வந்தது ட்ரா சம்திங்.

ஆட்டம் இவ்வளவுதான். மூன்று சொற்கள் கொடுக்கும்: சுலபம், நடுத்தரம், கடினம். ஒன்றைத் தேர்ந்தெடுத்து விரலால் படம் வரைந்து அனுப்ப வேண்டும். எதிரில் இருப்பவர் கீழே கலைத்துப் போட்டிருக்கும் எழுத்துகளிலிருந்து சொல்லைக் கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடித்தால் இரண்டு பேருக்கும் காசு, சுலபத்துக்கு ஒன்று, கடினத்துக்கு மூன்று. இரண்டு பேருக்கும் என்பதைக் கவனியுங்கள். யாரும் தோற்பதில்லை. கடிகாரம் ஓடுவதில்லை. அவன் காலையில் வரைந்ததை நான் என் காலையில் பார்ப்பேன்.

அதிலும் படம் மொத்தமாக வந்து நிற்காது. அவன் எந்தக் கோட்டை முதலில் போட்டான், எங்கே தயங்கினான், எதை அழித்தான் என்று அவன் வரைந்தபடியே நம் கண் முன்னால் ஓடும். ஊரிலிருந்து வரும் போனில் "நல்லா இருக்கேன்க்கா" என்பதைத் தாண்டி எதுவும் சொல்லாத பையன், அந்தக் கோடுகளில் எனக்கு முழுசாகத் தெரிந்தான். ஒரு நாள் அவனுக்கு "மடோனா" என்ற சொல் வந்திருக்கிறது. அமெரிக்கப் பாடகி என்று அவனுக்கு எங்கே தெரியும்? கான்வென்ட்டில் படித்தவன், சிரத்தையாக வேளாங்கண்ணி மாதாவை வரைந்து, நீலச் சேலைக்குக் கரையெல்லாம் போட்டு அனுப்பியிருந்தான். நான் கடைசி வரை கண்டுபிடிக்கவில்லை.

சரி, ஸ்டுடியோவுக்கு வருகிறேன். அது ஹட்சன் ஆற்றுக்கு அந்தக் கரையில், நியூயார்க்கில் இருந்தது. 2006-இல் சார்லஸ் ஃபோர்மன் என்பவர் தொடங்கியபோது அதன் பெயரே வேறு. முன்பின் தெரியாதவர்கள் விளையாட்டாகப் பேசிப் பழகும் ஒரு தளம் அது. அப்புறம் பிரவுசரில் ஆடும் சின்னச் சின்னக் கேம்களுக்கு மாறி, 2009-இல் ஓஎம்ஜிபாப் ஆனது. டான் போர்ட்டர் தலைமைச் செயல் அதிகாரி. முப்பதுக்கும் மேற்பட்ட கேம்கள் செய்தார்கள். முதலீட்டாளர்கள் போட்ட பணம் கரைந்துகொண்டே போனதே தவிர, எதுவும் பெரிதாக ஓடவில்லை. தளத்தில் ஏற்கெனவே இருந்த ஒரு வரைந்து கண்டுபிடிக்கும் கேமைத்தான் எடுத்து, போனுக்காக மாற்றிச் செய்தார்கள். அதுதான் ட்ரா சம்திங். ஆறு வருடம் யாரும் திரும்பிப் பார்க்காத கடை, ஐம்பது நாளில் ஐந்து கோடி டவுன்லோடு.

2012 மார்ச் 21-ஆம் தேதி ஜிங்கா அதை வாங்கியது. விலை சுமார் 18 கோடி டாலர், அன்றைய ரூபாய் மதிப்பில் ஏறக்குறைய 900 கோடி. கேம் வெளிவந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை.

இனிமேல்தான் எல்லோரும் அவசரமாகத் தாண்டிப் போகிற இடம். ஏப்ரல் தொடக்கத்தில் தினமும் ஆடியவர்கள் ஏறக்குறைய ஒன்றரைக் கோடி. மே தொடக்கத்தில் ஒரு கோடி. ஒரே மாதத்தில் ஐம்பது லட்சம் பேர் கழன்றுவிட்டார்கள். கையெழுத்தின் மை காய்வதற்குள் ஜிங்கா எதைக் கெடுத்திருக்க முடியும்? கணினி எல்லாம் புதுப் பெயருக்கு மாற்றி, அடையாள அட்டை கொடுக்கவே அந்த மாதம் சரியாக இருந்திருக்கும்.

நான் ஏன் நிறுத்தினேன் என்று எனக்குத் தெரியும், அதைச் சொல்கிறேன். முதலாவது, சொற்கள் திரும்பத் திரும்ப வந்தன. நட்சத்திர மீனை நான் நான்காவது முறை வரைந்தபோது தம்பி இரண்டாவது கோட்டிலேயே கண்டுபிடித்துவிட்டான். அப்புறம் நாங்கள் படம் வரைவதையே விட்டுவிட்டு எழுத்தையே எழுதி அனுப்பிக் காசு சேர்த்தோம். ஊரே அதைத்தான் செய்தது.

இரண்டாவது, கை வலி. கேலியில்லை. ஒரு சொல் கண்டுபிடிக்கும் கேமில் யோசிக்க ஒரு நிமிடம் போதும். இங்கே வரைய வேண்டும். பழைய காலேஜ் தோழிகள், வீட்டுக்காரரின் ஆபீஸ் ஆட்கள், எதிர் வீட்டு குஜராத்திப் பெண் என்று என் பட்டியலில் ஒரு கட்டத்தில் 23 பேர் என் முறைக்காகக் காத்திருந்தார்கள். போனைத் திறந்தாலே சீட்டுப் பணம் கட்டாமல் ஒளிந்து திரிகிறவள் மாதிரி இருந்தது. விளையாட்டு கடனாக மாறிவிட்டால் யார் ஆடுவார்கள்?

மூன்றாவதுதான் உங்கள் கேமுக்கு முக்கியம் தம்பி. நான் நிறுத்தினால் நான் மட்டும் நிற்பதில்லை. என்னோடு ஆடிய 23 பேருக்கும் ஒரு ஆள் குறைகிறது. ஒருவர் இன்னொருவரை இழுத்துத்தான் அது ஐம்பது நாளில் ஏறியது. இறங்கும்போதும் ஒருவர் இன்னொருவரை இழுத்துக்கொண்டுதான் இறங்கியது.

ஜிங்காவே அதற்கு முன்பு 2010-இல் டெக்சாஸில் நியூடாய் என்ற சின்ன ஸ்டுடியோவை வாங்கியிருந்தது. அவர்களுடையது வேர்ட்ஸ் வித் ஃப்ரெண்ட்ஸ். அதுவும் மாறி மாறி ஆடுகிற கேம்தான், அதே முதலாளிதான், ஆனால் அது வருடக்கணக்கில் ஓடியது. அதில் சொல் தீராது, அகராதி முழுக்க இருக்கிறது. ஜெயிப்பும் தோற்பும் உண்டு, போன முறை தோற்றவர் பழி வாங்கத் திரும்பி வருவார். வாங்கியவனால்தான் எல்லாம் கெட்டது என்றால் அதுவும் கெட்டிருக்க வேண்டுமே.

ஜிங்கா மேல் தப்பே இல்லை என்று நான் சொல்லவில்லை. காசு கொடுத்த விளம்பரதாரரின் சொற்களையே வரையச் சொல்லும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தார்கள். அமெரிக்க ஐஸ் ஹாக்கிச் சொற்களை வைத்துக்கொண்டு மதுரைப் பையன் என்ன வரைவான்? ஆனால் பெரிய சிக்கல் அந்தக் கம்பெனிக்கே வந்த சிக்கல். 2011 டிசம்பரில் 10 டாலருக்குப் பங்கு வெளியிட்டவர்கள். 2012 மார்ச்சில், அதாவது ஓஎம்ஜிபாப்பை வாங்கிய மாதத்தில், அது 14 டாலரைத் தொட்டது. ஜூலைக் கடைசியில் 3 டாலர். அக்டோபரில், ஓஎம்ஜிபாப் கணக்கில் மட்டும் 8.5 முதல் 9.5 கோடி டாலர் வரை மதிப்புக் குறைப்பதாக அறிவித்தார்கள். ஆறு மாதத்துக்கு முன்னால் கொடுத்த விலையில் பாதி காணாமல் போய்விட்டது. டான் போர்ட்டர் 2013 ஏப்ரலில் வெளியேறினார். அதே மாதம் இரண்டாம் பாகம் வந்தது, நான் இறக்கினேன், மூன்று நாள் ஆடினேன். ஜூன் 3-ஆம் தேதி ஜிங்கா 520 பேரை நிறுத்தியது, மொத்த ஆட்களில் 18 சதவீதம். நியூயார்க் ஆபீஸும் அதோடு மூடப்பட்டது. விற்ற நாளிலிருந்து எண்ணினால் பதினான்கரை மாதம்.

அப்போது எனக்கு இதெல்லாம் வெறும் செய்தி. 2016-இல் சென்னைக்குத் திரும்பி, பெருங்குடியில் ஒரு சின்ன ஸ்டுடியோவில் டெஸ்டராகச் சேர்ந்த பிறகுதான் உறைத்தது. பெயர் வேண்டாம், நல்ல மனிதர்கள். நான் சேர்ந்தபோது ஒன்பது பேர். எங்கள் பஸில் கேம் ஒன்றை ப்ளே ஸ்டோரின் முகப்பில் ஒரு வாரம் வைத்தார்கள். அந்த வார வரவே வருடம் முழுக்க வரும் என்று கணக்குப் போட்டு, 26 பேராக ஆள் எடுத்தார்கள். கேரம் போர்டு வந்தது, பீன் பேக் வந்தது, வெள்ளிக்கிழமை பிரியாணி வந்தது. முகப்பிலிருந்து எடுத்த மறுநாளே வரவுக் கோடு கீழே திரும்பியது, யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. முதலில் பிரியாணி நின்றது. அப்புறம் சம்பளம் பத்தாம் தேதிக்குத் தள்ளிப்போனது. கடைசி வாரத்தில் டெஸ்ட் போன்களுக்கெல்லாம் பட்டியல் போடச் சொன்னார்கள். 31 போன், நான்கில் பேட்டரி உப்பி, முதுகு பிளந்து கிடந்தது. ரிச்சி தெருவில் விற்று, கடைசியாகச் சேர்ந்த இரண்டு பிள்ளைகளுக்குப் பாதிச் சம்பளம் கொடுத்தோம். எங்களை யாரும் வாங்கவில்லை தம்பி, அதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கேமில் வந்துபோகிறவர்களை எண்ணாதீர்கள். ஜோடிகளை எண்ணுங்கள். ஜனவரியில் ஆடிய ஜோடிகளில் இன்றைக்கு எத்தனை ஜோடி உயிரோடு இருக்கிறது, உடைந்தவை எந்த இடத்தில் உடைந்தன என்று பாருங்கள். விடுகதைகள் மொத்தம் எத்தனை வைத்திருக்கிறீர்கள் என்றும் சொல்லுங்கள்.


நள்ளிரவு_டிப்ளாய்

மாசிவீதி அக்கா சொன்னதோடு இரண்டு விஷயம் சேர்க்கிறேன். நான் பேக்எண்ட், அதாவது சர்வர் பக்கம் வேலை செய்கிற ஆள், அந்தக் கண்ணால்தான் எனக்குத் தெரியும்.

ஒன்று, அவர்களுடைய சர்வர் தாங்கியது. அது சாதாரண விஷயம் இல்லை. கோடு கோடாகத் திரும்ப ஓட வேண்டுமென்றால் ஒவ்வொரு படத்துக்கும் விரல் போன பாதை முழுவதையும் சேமிக்க வேண்டும். கவுச்பேஸ் தரவுத்தளத்தை வைத்துக்கொண்டு, ஆட்டத்தை நிறுத்தாமலேயே ராத்திரி பகலாக மெஷின்களைக் கூட்டிக்கொண்டே போனார்கள். பொங்கலுக்கு இரண்டு முறை படுத்த சர்வரைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். அதாவது ஸ்டுடியோ திறமையில்லாமல் விழவில்லை.

இரண்டாவது, ஒப்பந்தம். ஓஎம்ஜிபாப்பில் இருந்த ஓர் இன்ஜினியர் மட்டும் ஜிங்காவுக்குப் போக மறுத்துவிட்டார், மற்ற எல்லோரும் போனார்கள். அவர் அங்கே சேருவதற்கு முன்பே தனியாக ஒரு கேம் செய்து வெளியிட்டிருந்தார். புது ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டால் அது தன் கையை விட்டுப் போய்விடுமோ என்று பயந்து, விதிவிலக்கு கேட்டார், கிடைக்கவில்லை. அதைப் பற்றி அவரே வெளிப்படையாகக் கட்டுரை எழுதினார். நீங்கள் மூன்று பேரில் யாராவது ராத்திரியில் சொந்தமாக எதையாவது செய்துகொண்டிருந்தால், விலையைப் பேசும் முன்னால், ஒப்பந்தத்தில் சொந்தப் படைப்பு யாருக்குச் சேரும் என்று சொல்லும் பக்கத்தைப் படியுங்கள். வக்கீலிடம் காட்டுங்கள், ஆடிட்டரிடம் இல்லை.


கோபுரவாசல்

சரி, ஒரே மாதத்தில் ஐம்பது லட்சம் குறைந்தது எனக்குத் தெரியாது. ஆனாலும் விற்காமலும் ஒரு வழி இருக்கிறது. ஹனோயில் ஃப்ளாப்பி பேர்ட் செய்த டோங் நுயென் தனி ஆள். 2013 மே மாதம் விட்டார், எட்டு மாதம் ஒருவரும் சீண்டவில்லை, 2014 ஜனவரியில் உலகமே ஆடியது. விளம்பரத்தில் ஒரு நாளைக்கு 50,000 டாலர் வருகிறது என்று பேட்டியே வந்தது. பிப்ரவரியில் அவரே எடுத்துவிட்டார். நிம்மதி போய்விட்டது என்றார். யாரும் அவர் கடையை மூடவில்லை, அவராக ஷட்டரை இறக்கினார்.


மாசிவீதி

அவர் தனி ஆள், அவரால் முடியும். ஈரோட்டில் மூன்று பேருக்கும் வீட்டில் கேட்கிறவர்கள் இருப்பார்கள்.

இன்னொன்று. ஓஎம்ஜிபாப் விழுந்தது, விழுந்தது என்கிறோம். முதலீடு போட்டவர்களும் பங்கு வைத்திருந்தவர்களும் விழவில்லை. உச்சியில் நின்றபோதே விற்றுவிட்டார்கள். மே மாதம் வரை யோசித்திருந்தால் அந்த விலை கிடைத்திருக்குமா? விழுந்தது விற்ற பிறகு அந்த ஆபீஸில் இருந்த சம்பளக்காரர்கள். விற்கும்போது யாருக்கு நல்லது என்று கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்துத்தான் பதில்.


தறிச்சத்தம்

எல்லோருக்கும் நன்றி. ராத்திரி மூன்று பேரும் உட்கார்ந்து அக்கா சொன்ன மாதிரி ஜோடிகளை எண்ணினோம். கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது, இருந்தாலும் சொல்கிறேன். மொத்த விடுகதைகள் 412. தொடர்ந்து ஆடிய ஜோடிக்கு ஐந்தாவது வாரத்திலேயே பழையது திரும்ப வர ஆரம்பித்திருக்கிறது. அது புரிகிறது. புரியாதது இன்னொன்று: உடைந்த ஜோடிகளில் ஏகப்பட்ட பேர் முதல் வாரத்திலேயே, ஒருவர் தவறான விடை போட்ட இடத்தில் நின்றுவிட்டார்கள். அதுவும் சில குறிப்பிட்ட விடுகதைகளில் மட்டும். சுலபமான விடுகதைகள்தான். எங்களுக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

வாங்குகிற கம்பெனியிடம் பத்து நாள் அவகாசம் கேட்டிருக்கிறோம். ஒப்பந்தத்தில் நள்ளிரவு அண்ணன் சொன்ன பக்கம் இருக்கிறது, பதினோராம் பக்கம். என் பார்ட்னர் ஒரு தாயக்கட்டம் கேம் தனியாகச் செய்துகொண்டிருக்கிறான் என்பதே எனக்கு நேற்றுதான் தெரிந்தது.


மாசிவீதி

சில குறிப்பிட்ட விடுகதைகள் என்றதும் டெஸ்டர் புத்தி சும்மா இருக்கவில்லை. இறக்கிப் பார்த்தேன், மதுரையில் இருக்கும் என் தம்பிக்கும் அனுப்பினேன். இப்போது அவனுக்கு இரண்டு குழந்தைகள், போன் பெரிதாகிவிட்டது, பேச்சு அப்படியேதான் இருக்கிறது.

"காதோரம் பாட்டு, கையோரம் ஊசி" என்று அவனுக்குப் போட்டேன். அவன் "கொசு" என்று சரியாகத்தான் எழுதுகிறான், ஸ்கிரீன்ஷாட் வாங்கிப் பார்த்தேன். உங்கள் கேம் தவறு என்கிறது. நான் என் போனில் அதே "கொசு" போட்டால் ஏற்றுக்கொள்கிறது. இரண்டும் கண்ணுக்கு ஒன்றுதான், உள்ளே வேறு. ஒகர ஓகாரக் குறிகளைச் சில கீபோர்டுகள் ஒரே குறியீடாக அனுப்பும். சில கீபோர்டுகள் முன்னால் கொம்பு தனி, பின்னால் கால் தனி என்று இரண்டாக அனுப்பும். நீங்கள் இரண்டையும் ஒன்றாக்காமல் நேரடியாக ஒப்பிடுகிறீர்கள். கோழி, சோறு, கொக்கு, கொடுக்காப்புளி என்று அந்த எழுத்து வரும் விடை எல்லாவற்றிலும் பாருங்கள், உங்கள் உடைந்த ஜோடிகள் அங்கேதான் கிடக்கும். கடைசியில் கீபோர்டு தானாகப் போடும் இடைவெளியையும் வெட்டிவிடுங்கள், அதுவும் தவறு என்றுதான் காட்டுகிறது.


தறிச்சத்தம்

அக்கா, பார்த்துவிட்டேன். 412-இல் 67 விடை. கோழி, சோறு, தோசை, கொலுசு எல்லாமே. பொங்கலுக்கு வந்த அத்தனை பேரில் ஒருவர்கூட எங்களுக்கு எழுதிச் சொல்லவில்லை. இன்று ராத்திரியே மாற்றி ஏற்றுகிறேன்.


மாசிவீதி

எழுத மாட்டார்கள். தனக்குத்தான் விடை தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டு போயிருப்பார்கள். ஏற்றியதும் இங்கே ஒரு வரி போடுங்கள், தம்பி கொசுவிலேயே நிற்கிறான்.